நாயின் உடம்பில் ஒரு கட்டி: கொங்குப் பகுதியில் நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உண்ணி பிடுங்கும்போதோ குளிப்பாட்டும்போதோதான் பெரும்பாலும் கட்டி கையில் தட்டுப்படுகிறது. நேற்று வரை இல்லாதது போலத் தோன்றும். ஆனால் முடிக்கு அடியில் சில வாரங்களாகவே இருந்திருக்கும். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கம் வீட்டிலும் தோட்டத்திலும் நாய் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டி என்றதுமே புற்றுநோய் என்று பயந்துவிடுபவர்கள் உண்டு. "வெறும் கொழுப்புக் கட்டிதான், கிடக்கட்டும்" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரு தரப்பும் செய்யாமல் விடுவது ஒன்றுதான்: கட்டியில் ஊசி வைத்து எடுத்துப் பார்ப்பது.

கட்டி இருப்பது தெரிந்ததும் முதலில் என்ன செய்வது?

அது கட்டிதானா என்று பாருங்கள். ரத்தம் குடித்து உப்பிய உண்ணியைக் கட்டி என்று நினைத்து ஓடி வருபவர்கள் அதிகம். முடியை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தால் தோலை ஒட்டிக் குட்டிக் கால்கள் தெரியும். கடுவன் நாய்க்கும் வயிற்றில் வரிசையாகக் காம்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கடைசி விலா எலும்பின் முனையும் சில நாய்களுக்குத் துருத்திக்கொண்டு கையில் படும். அது என்றால் மறுபக்கமும் அதே இடத்தில் இருக்கும்.

கட்டிதான் என்றால் எந்தப் பக்கம், எந்த இடம் என்று தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போட்டோ எடுங்கள். நாணயம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் என்பதால் அடுத்த மாதப் போட்டோவோடு ஒப்பிட வசதி. தோலோடு நகர்கிறதா, அடியில் ஒட்டிக் கிடக்கிறதா, சூடாக இருக்கிறதா, தொட்டால் நாய் முகம் சுளிக்கிறதா என்றும் பாருங்கள். கட்டிக்கு மேல் கொஞ்சம் முடியைக் கத்தரித்து அடையாளம் வைத்தால் நல்லது. டாக்டர் முன்னால் போய் நின்றுகொண்டு கட்டியைக் காணாமல் தேடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். கையோடு தாடையிலிருந்து வால் அடி வரை உடம்பு முழுவதும் தடவிவிடுங்கள், இரண்டாவது கட்டி அப்போதுதான் அகப்படும். கட்டியை மட்டும் அமுக்கிப் பிதுக்கிப் பார்க்காதீர்கள்.

எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

புற்றுநோய் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் எளிதாக ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, ஒரு மாதமாகியும் போகாமல் இருந்தாலோ ஊசி வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலக்கடலைப் பருப்பு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிலவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒரு வாரத்துக்குள் கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்தது, புண்ணாகி உடைந்தது, ரத்தம் கசிவது, காலையில் பெரிதாகவும் சாயங்காலம் சிறிதாகவும் தெரிவது, வாய்க்குள் வந்தது, கால் எலும்போடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு நாயை நொண்ட வைப்பது, இவற்றையெல்லாம் அந்த வாரமே காட்ட வேண்டும். முகமோ காலோ சில மணி நேரத்தில் பொதபொதவென்று வீங்கினால் அது கட்டி சமாச்சாரமே இல்லை. தோட்டத்து நாயாக இருந்தால் பாம்புக்கடியாக இருக்கலாம். விரியன் கடித்த இடம் அப்படித்தான் வீங்கும். கட்டுப் போடாமல், கீறாமல், நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று வண்டியில் போகும்போதே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட மாட்டாரா?

மாட்டார், சொன்னாலும் அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இது.

நடுத்தர வயது தாண்டிய, கொஞ்சம் சதை போட்ட லேப்ரடார் ஒன்றின் விலாவில் மெத்தென்று நகரும் உருண்டை இருந்தால் அது லிப்போமா என்கிற கொழுப்புக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது பாட்டுக்கு வருடக்கணக்கில் கிடக்கும். நடக்க இடைஞ்சல் இல்லாத வரை எடுக்கவே தேவையில்லை. ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்று ஒன்று உண்டு. நாய்களுக்குத் தோலில் வரும் கெட்ட கட்டிகளில் அதுதான் முதலிடம். அது சிவந்த பரு போல வரும், மரு போல வரும், பூச்சி கடித்த தடிப்புப்போல வரும், தோலுக்கு அடியில் வந்தால் அச்சு அசலாகக் கொழுப்புக் கட்டிபோல மெத்தென்றே இருக்கும். பாக்சர், பக், லேப்ரடார் வகைகளில் கூடுதலாகப் பார்க்கிறார்கள். நாட்டு நாய்க்கும் வராமல் இல்லை.

மாஸ்ட் செல் என்பது ஒவ்வாமையில் அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பிவிடும் செல். அதற்குள் ஹிஸ்டமின் என்கிற வேதிப்பொருளை அடைத்து வைத்திருக்கும். கட்டியை அமுக்கினால் அது வெளியே கொட்டி, சுற்றிலும் சிவந்து தடித்துவிடும். நாள்தோறும் பெரிதாகிச் சிறிதாகும் கட்டியைச் சந்தேகிப்பதும், பிதுக்க வேண்டாம் என்று மேலே சொன்னதும் இதனால்தான். அந்த ஹிஸ்டமின் ரத்தத்தில் கலந்து இரைப்பையில் அமிலத்தைக் கூட்டும். கட்டியும் இருந்து, வாந்தியும் கருப்பாகத் தார் மாதிரி மலமும் போனால் இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள். "வயிறு சரியில்லை" என்று ஒரு நாளும், "கட்டி" என்று இன்னொரு நாளும் தனித்தனியாகக் காட்டினால் யாருக்கும் பிடிபடாது.

ஊசி வைத்து எடுப்பது என்றால் என்ன? மயக்க மருந்து கொடுப்பார்களா?

சாதாரணத் தடுப்பூசிக்கு வைக்கும் அளவு ஊசிதான். கட்டிக்குள் செருகி, கொஞ்சம் செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தோல் கட்டிகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டாம், பட்டினி போடவும் வேண்டாம். யாராவது தலையைப் பிடித்துக்கொண்டால் போதும். கடிக்கிற நாயென்றால் வாய்க்கட்டு கொண்டு போங்கள். கொழுப்பு வந்தால் தகட்டில் எண்ணெய்த் துளிபோல மினுங்கும், சீழ் வந்தால் கண்ணுக்கே தெரியும், மாஸ்ட் செல் வந்தால் அதற்குள் இருக்கும் ஊதாப் பொடிகள் நுண்ணோக்கியில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். சில கட்டிகள் ஊசிக்குப் பிடிகொடுக்காது, ரத்தம் மட்டும் வரும். அப்போது சின்னத் துண்டு வெட்டியெடுத்துப் பயாப்ஸி பார்க்க வேண்டியிருக்கும்.

நான்கு கட்டி இருந்தால் நான்கிலும் ஊசி வைக்கச் சொல்லுங்கள். ஒன்று கொழுப்பு என்பதால் பக்கத்தில் இருப்பதும் கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

"கத்தி வெச்சா பரவிப்போயிரும்"னு ஊர்ல சொல்றாங்களேங்க?

இந்தப் பேச்சு எப்படி வந்திருக்கும் என்று யோசித்தால் புரிகிறது. தேங்காய் அளவு வளர்ந்து, உடைந்து, நாற்றம் எடுத்த பிறகுதான் கொண்டு போகிறோம். அதற்குள் அது நுரையீரலுக்குப் போயிருக்கும். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில் நாய் செத்தால் பழி கத்தி மேல் விழுகிறது. பாதி எடுத்து பாதியை விட்டுவிட்டால் அதே இடத்தில் திரும்ப முளைப்பதும் உண்டு. அதனால்தான் மாஸ்ட் செல் போன்ற கட்டிகளைச் சுற்றிலும் நல்ல தோலையும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரை சேர்த்து அகலமாக எடுக்கிறார்கள். வெட்டுவதற்கு முன்னால் என்ன கட்டி என்று தெரிந்தால்தான் எவ்வளவு அகலம் என்று முடிவு பண்ண முடியும். கணுக்காலில் சும்மா இழுத்துத் தைக்கத் தோல் ஏது? பருப்பு அளவில் இருக்கும்போது பத்து நிமிட வேலை, எலுமிச்சை அளவானால் காலையே எடுக்கலாமா என்ற பேச்சுக்குப் போய்விடும். ஊசி குத்தியதால் பரவிவிடும் என்ற பயமும் தோல் கட்டிகளைப் பொறுத்தவரை தேவையற்றது.

இரண்டே நாளில் பெரிதாக வீங்கிவிட்டது. இது புற்றுநோயா?

இவ்வளவு வேகமாக வருவது பெரும்பாலும் சீழ்க்கட்டி. சூடாக இருக்கும், தொட்டால் நாய் உறுமும், காய்ச்சல் இருக்கும், சாப்பாட்டைத் தொடாது.

நம் பக்கத்து நாய்களுக்கு இது வரக் காரணம் நிறைய இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காட்டில் கிளுவை வேலிக்குள் புகுந்து புகுந்து வரும் நாய்க்கு முள் ஏறி முறிந்து உள்ளேயே நிற்கும். வேலிக்காத்தான் முள் இன்னும் மோசம். கால் விரல் இடுக்கில் ஊசிப்புல்லின் கூர் ஏறினால் அது முன்னோக்கியே நகரும், பின்னால் வராது. விரல் வீங்கும், ஓட்டை விழுந்து நீர் வடியும், மருந்து போட்டால் ஆறும், பிறகு திரும்ப வீங்கும். உள்ளே இருப்பதை எடுக்காமல் இது நிற்காது. ஆனைமலை, சிறுமுகை மாதிரி மலையடிவாரத்துத் தோட்டங்களில் முள்ளம்பன்றி முள் ஒடிந்து உள்ளே தங்கிவிடுவதும் உண்டு.

நாய்ச் சண்டையில் பல் பட்ட இடம் வெளியே சின்னப் புள்ளியாக மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். சண்டை போட்டது ஊர் தெரியாத நாய் என்றால் கட்டியை விட முக்கியம் ரேபிஸ். புண்ணைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றே போய்விடுங்கள். ஏற்கெனவே தடுப்பூசி போட்ட நாய்க்கும் உடனே இன்னொரு ஊசி உண்டு. போடாத நாய்க்குத் தொடர் ஊசி. கழுவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையில் கீறல் இருந்து எச்சில் பட்டிருந்தால் நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

வீக்கத்தில் ஓட்டையும் கெட்ட வாடையும் இருந்தால் புழு வைத்திருக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் ஊற்றாதீர்கள். புழுவோடு சதையும் வெந்துபோகும்.

தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் உருண்டையாக இருக்கிறது. தொடைக்குப் பின்னாலும் இருக்கிறதே?

இது நெறி கட்டியிருப்பது. தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் என்று ஜோடி ஜோடியாக நிணநீர் முடிச்சுகள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அந்தப் பக்கம் பல்லிலோ காதிலோ புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வீங்கினால் இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, உண்ணிக் காய்ச்சல். உண்ணி அதிகமுள்ள நம் பகுதியில் எர்லிக்கியா போன்ற கிருமிகள் சகஜம். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைந்திருப்பது பெரும்பாலும் தெரியும், சரியான மருந்துக்குப் பெரும்பாலான நாய்கள் நன்றாகவே தேறும். மற்றொன்று லிம்போமா என்கிற புற்றுநோய். வலியே இருக்காது, நாய் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், முடிச்சு மட்டும் கெட்டியாகப் பெருக்கும். வேகமாக வளரும் வகை என்றால் சிகிச்சை இல்லாமல் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம்தான்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால் வீக்கம் மளமளவென்று வற்றும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகு ஊசியில் எடுத்தால் சரியாகத் தெரியாது, லிம்போமாவாக இருந்தால் பிறகு கொடுக்கும் மருந்தும் சரியாகப் பிடிக்காது. "ஸ்டீராய்டு போடுவதற்கு முன்னால் ஊசி வைத்து எடுத்துவிடலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். இப்படிக் கேட்பதற்காகக் கோபப்படும் டாக்டர் அபூர்வம்.

பெட்டை நாயின் காம்புக்குப் பக்கத்தில் பட்டாணி மாதிரி உருண்டை. குட்டி போட்ட பால் கட்டியிருக்குமா?

குட்டி போட்டுப் பால் கொடுக்கிற நாய் என்றால் பால் கட்டி வீங்கலாம். சூடும் வலியும் காய்ச்சலும் இருக்கும். பருவம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, சினையே இல்லாமல் மடி ஊறும் நாய்களும் உண்டு. இரண்டும் இல்லாத, ஆறு ஏழு வயது தாண்டிய பெட்டைக்குக் கெட்டியான உருண்டை என்றால் மார்பகக் கட்டிதான் முதல் சந்தேகம். ஏறக்குறையப் பாதி சாதுவானவை, பாதி கெட்டவை. மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது எடுத்துவிட்டால் நாய் நன்றாக வாழ வாய்ப்பு அதிகம். பின்னங்கால் பக்கம் உள்ள கடைசி இரண்டு ஜோடிக் காம்புகளில்தான் அதிகம் வருகிறது. தடவும்போது அங்கே நிதானமாகத் தடவுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நுரையீரலில் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

இதில் வருவதற்கு முன்னாலேயே தடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை ஆபரேஷன் செய்த நாய்களுக்கு இந்த ஆபத்து, நீக்காத நாய்களோடு ஒப்பிட்டால் நூற்றில் அரைப் பங்குதான், ஒரு பருவத்துக்குப் பின் எட்டுப் பங்கு, இரண்டு பருவத்துக்குப் பின் இருபத்தாறு பங்கு என்று 1969-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. பிற்காலத்தில் அந்த எண்கள் அவ்வளவு உறுதி இல்லை என்று வாதம் எழுந்தது. பெரிய இன நாய்களுக்கு எலும்பு முதிரும்வரை பொறுக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். வயதை டாக்டரோடு பேசி முடிவு பண்ணுங்கள். "ஒரு ஈத்தாவது குட்டி போடட்டும்" என்று காத்திருப்பதால் மடிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பருவத்துக்கு வராமல் இருக்க ஹார்மோன் ஊசி போடும் பழக்கம் இன்னும் மோசம். மடிக் கட்டிக்கும் கருப்பையில் சீழ் பிடிப்பதற்கும் அது நேரே வழி விடுகிறது.

பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம். உள்ளே காலிஃபிளவர் போலச் சதை தெரிகிறது.

வெளியே திரியும் நாய்களிடம் மிகவும் சகஜமான, டி.வி.டி. (TVT) என்று டாக்டர்கள் சொல்லும் தொற்றும் கட்டி இது. இணையும்போதும் நக்கும்போதும் ஒட்டும். பரவுவது கிருமி இல்லை, புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போய் முளைக்கிறது. நக்கும் பழக்கத்தால் மூக்குக்குள்ளும் வரும். தீராமல் மூக்கில் ரத்தம் வந்தால் இதையும் நினைக்க வேண்டும். நல்ல சேதி என்னவென்றால் புற்றுநோய்களிலேயே இவ்வளவு லேசாகக் குணமாவது வேறு இல்லை. வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் நரம்பு ஊசி, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். ரத்தம் நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள். ஊசி போட்ட இரண்டு மூன்று நாளைக்குச் சிறுநீர், வாந்தியைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள், கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையைத் தொட வேண்டாம்.

குட்டிக்கு இருந்தால்?

உதட்டிலும் வாய்க்குள்ளும் கொத்தாக மரு வந்தால் வைரஸ் மரு, சில மாதத்தில் தானே உதிரும். மூன்று வயதுக்குள் இருக்கும் நாய்க்குக் காதிலோ காலிலோ சிவந்த பொத்தான்போல முடியில்லாமல் வந்தால் ஹிஸ்டியோசைட்டோமா என்கிற சாதுவான கட்டியாக இருக்கலாம். அதுவும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் மறையும். ஊசி வைத்துப் பார்த்துவிட்டுக் காத்திருங்கள். தொப்புளில் அமுக்கினால் உள்ளே போகும் வீக்கம் குடலிறக்கம், கெட்டியாகி வலித்தால் அவசரம்.

மஞ்சள், சுண்ணாம்பு, எருக்கம்பால் போடலாமா? வலி மாத்திரை?

வேண்டாம். எருக்கம்பால் தோலை அரிக்கும், நாய் நக்கினால் வாயும் வெந்துவிடும். சூடு போடுவது வெறும் சித்திரவதை. மருவுக்கு நூலோ தலைமுடியோ கட்டி விட்டால் அழுகிச் சீழ் பிடிக்கும். மஞ்சளால் கெடுதல் குறைவு, ஆனால் மேலே பூசியதால் கட்டி கரைந்தது என்று நம்பி இரண்டு மாதம் போய்விடும். மனிதர்களின் வலி மாத்திரைகளான டைக்ளோபினாக், இப்யூபுரோஃபென் இரண்டும் நாயின் இரைப்பையில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கிற, செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகுகள் போன்றவற்றைக் காப்பதற்காக மாட்டுக்கே டைக்ளோபினாக்கை 2006-ல் தடை செய்தார்கள், நாம் நாய்க்கு வீட்டிலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கே கொண்டு போவது? பக்கத்தில் இருப்பது மாட்டு டாக்டர்தான்.

அங்கேயே தொடங்குங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் இருப்பவரும் நாய்க்குப் படித்தவர்தான். சீழ்க்கட்டி, உண்ணிக் காய்ச்சல், புழுப்புண் போன்றவை அங்கேயே முடிந்துவிடும். காலையிலேயே போய்விட்டால் மாடு பார்க்க அவர் ஊருக்குள் கிளம்புவதற்கு முன் பிடிக்கலாம். தகட்டில் எடுத்த மாதிரியைப் படிப்பதற்கும் எக்ஸ்ரே, பெரிய ஆபரேஷன் போன்றவற்றுக்கும் மாவட்டத் தலைநகரின் பன்முக மருத்துவமனைக்கோ, கோவை, ஈரோடு, திருப்பூர், சேலத்துத் தனியார் கிளினிக்குகளுக்கோ போக வேண்டியிருக்கும். நாமக்கல்லில் 1985-லிருந்து நடக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல், அறுவைச் சிகிச்சை என்று தனித்தனித் துறைகளே இருக்கின்றன. சிக்கலான கட்டி என்றால் அந்தப் பயணம் வீண்போகாது. உடுமலைப்பேட்டையிலும் தலைவாசலிலும் புதிய கல்லூரிகள் வந்திருக்கின்றன. எங்கே போனாலும் முதலில் போன் போட்டு, புறநோயாளி நேரத்தையும் அன்று என்ன பார்ப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பத்தான் வேண்டுமா? எடுத்தாயிற்றே!

கண்டிப்பாக அனுப்ப வேண்டும். குப்பையில் போன கட்டியிடம் எதையும் கேட்க முடியாது. என்ன வகை, எந்த அளவுக்கு மோசம், ஓரங்களில் செல் மிச்சமிருக்கிறதா என்று மூன்றையும் சொல்வது அந்த அறிக்கைதான். திரும்ப வருமா, மறுபடி வெட்ட வேண்டுமா என்பதும் அதை வைத்துத்தான். பத்து சதவீத ஃபார்மலினில், கட்டியின் அளவைப் போலப் பத்து மடங்கு திரவம் இருக்கும்படி, வாய் அகன்ற டப்பாவில் அனுப்புவார்கள். குறுகிய வாய் பாட்டிலில் உள்ளே போன கட்டி இறுகிப்போய் வெளியே வராது. ஆபரேஷனுக்கு முன்தினமே இதைப் பேசிவிடுங்கள், அன்றைக்குப் பரபரப்பில் மறந்துபோகும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். நாயின் கட்டி ஒட்டுமா?

நாயின் புற்றுநோய் மனிதருக்கு ஒட்டாது. மருவும் ஒட்டாது.

பன்னிரண்டு வயதாகிவிட்டது, ஆபரேஷன் தாங்குமாங்க?

வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல் அளவுகளையும், இதயத்தையும் பார்த்துவிட்டுத்தான் மயக்க மருந்து பற்றிச் சொல்ல முடியும். ஊசிப் பரிசோதனையில் கொழுப்புக் கட்டி என்று வந்தால் கிழட்டு நாயைச் சும்மா விட்டுவிடுவதுதான் நல்ல வைத்தியம், மாதம் ஒரு தடவை அளந்தால் போதும். கெட்ட கட்டி, ஆனால் மெதுவாக வளர்வது, நாயும் சிரமப்படவில்லை என்றால் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதும் நியாயமான முடிவு. அதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. உடைந்து ரத்தம் கொட்டும் நிலைக்கு வரும் கட்டியென்றால், பன்னிரண்டு வயதிலும் எடுத்துவிடுவது நாய்க்கு நிம்மதி. தையல் பிரிக்கப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும், அதுவரை கழுத்தில் கூம்பு கழற்றாமல் இருக்கட்டும். பாவமாக இருக்கிறது என்று ராத்திரி கழற்றிவிட்டால் காலைக்குள் நக்கித் தையலைப் பிரித்து வைத்திருக்கும்.